பால் என்னும் மாறி

"என் சமன்பாடு இதுவரைக்கும் பிசகினதே இல்ல, ஐயா. அப்படியும் வைத்தியர் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கிறாரு" என்றான் அம்பலவாணன்.

குரு வாகீசர் நோயாளிகளுக்குக் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தார்.

"யாரு போனது?"

"தையல். குஞ்சம்மா மக. விடியறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பிழைக்க மாட்டாள்னு கணக்கு நேத்தே சொல்லிருச்சு."

மடத்து வைத்தியசாலையில் அந்த மாதம் காய்ச்சல்காரர்கள் நிறைய, மருந்து கொஞ்சம். பிழைக்கக்கூடியவர்களுக்கு மட்டும் மருந்து என்று முடிவாகியிருந்தது. அது யார் யார் என்று சொல்ல, பழைய நோயாளிகளின் குறிப்புகளை வைத்து அம்பலவாணன் ஒரு சமன்பாடு கட்டியிருந்தான். கெட்டிக்காரன்தான். கெட்டிக்காரத்தனத்துக்கு அந்த மடத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை.

"எந்தெந்த மாறியை எடுத்தே?"

"வயசு, நாடி, காய்ச்சல் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் உருப்படியா நிக்கல. கடைசியில ஒண்ணு ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு. மத்ததை எல்லாம் தூக்கிட்டேன்."

"எது?"

"பால். பால் குடிச்சவங்க யாருமே பிழைக்கல, ஐயா."

கரண்டி நின்றது.

"பால் குடுத்தது யாரு?"

"வீட்டு ஆளுங்க."

"எப்போ?"

"அது குறிப்புல இல்ல."

அம்பலவாணன் கைக்குழந்தையாக மடத்துக்கு வந்தவன். ஒரு வீட்டுச் சாவைக்கூடப் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த குருவுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"இனிமே தேறாதுன்னு தெரிஞ்சப்புறம், சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து வாயில விடுற பால்டா அது."



"தையலுக்கும் அப்படித்தானே விட்டிருப்பாங்க?" என்றான் சீடன். குரல் தாழ்ந்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவன் மனசு கெஞ்சியது.

"போய்க் கேளு."

கூடத்தின் கோடியில் குஞ்சம்மாள் வெறும் பாயருகே உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை ஆண்கள் எடுத்துப் போயிருந்தார்கள்.

அவன் கேட்டான்.

"காய்ச்சல் இறங்கியிருந்துச்சு, சாமி. எந்திரிச்சு உக்காந்து பசிக்குதுன்னா. அதான் ஒரு டம்ளர் குடுத்தேன்."

"அப்புறம்?" என்றான்.

"கொஞ்ச நேரத்துல நீங்களே வந்து, இவளுக்கு இனி மருந்து வேண்டாம்னு சொன்னீங்க. குணமாயிருச்சு, சாமியே சொல்லிட்டாருன்னு அவங்கப்பாவுக்கு ஆள் சொல்லி அனுப்பினேன்."