சிரித்து முடிக்கட்டும்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. உச்சரிப்பு சொல்லித் தந்து பிழைக்கிற ஒருவர் தன் மாணவர்கள் முன்னால் அப்படிச் செய்வாரா? கோர்ட்டில் ஒரு வக்கீல் அப்படி நிற்க முடியுமா? நம்பாத கதையை மறந்திருக்க வேண்டும். மறக்கவும் இல்லை.

எனக்குச் சொன்னவர் வக்கீல் செண்பகவல்லி. நடந்ததும் அவருக்குத்தான்.

*

"சார், எனக்கு இந்த எழுத்து வராது."

மதுரை சிம்மக்கல்லில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில், பெலிக்ஸ் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தார். செண்பகவல்லிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் காதோரம் நரைத்திருந்தது.

பெலிக்ஸ் எரிகிற மெழுகுவத்தியை செண்பகவல்லியின் வாய்க்கு நேராக நகர்த்தினார்.

"ஃபயர். சொல்லுங்க."

"பயர்."

சுடர் சாய வேண்டும். துள்ளியது.

"மேல் பல்லு கீழ் உதட்டைத் தொடணும். காத்தை மெதுவா விடணும். வெடிக்கக் கூடாது மேடம்."

"எங்க ஊரே வெடிக்கிற ஊரு சார்."

ஊர் சிவகாசிப் பக்கம். அங்கே ஒரு பட்டாசு ஆலையில் தீப்பிடித்துச் சிலர் செத்திருந்தார்கள். அதே ஆலையை, அதே கொட்டகைகளோடு, மறுபடி திறக்க முதலாளி கோர்ட்டில் அனுமதி கேட்டிருந்தார். திறக்கக் கூடாது என்று எதிர்த்து நின்றவள் குருவம்மாள். புருஷனை அந்தத் தீயில் பறிகொடுத்தவள். அவளுடைய வக்கீல்தான் செண்பகவல்லி.

பெரிய கோர்ட். ஆங்கிலத்தில் வாதாட வேண்டும். இந்த வழக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த எழுத்து. ஃபயர். ஃபேக்டரி. ஃபோர்மேன்.

போன முறை செண்பகவல்லி வாயைத் திறந்ததுமே எதிர்த்தரப்பு சீனியர் திரும்பிப் பார்த்தார். "பயர்ங்கிறது எந்தச் செக்‌ஷன்ல வருது மேடம்?"

கோர்ட்டே சிரித்தது. செண்பகவல்லி வாய்தா வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் குருவம்மாள் கேட்டாள்.

"ஏன் வக்கீலம்மா, நீங்க பேசவே இல்லையே?"

*

"அடுத்த தடவை வாய்தா கிடையாது சார். நான் பேசலேன்னா ஆலையைத் திறந்துருவாங்க."

"அப்ப பேசுங்க."

"சிரிப்பாங்களே. அவங்க சிரிக்காம இருக்க நான் இன்னும் எவ்வளவு நாள் இந்த மெழுகுவத்தி முன்னால உக்காரணும்?"

பெலிக்ஸ் வாய்க்குள் விரலை விட்டார். மேல்வரிசைப் பல் செட்டைக் கழற்றி, மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார்.

அது செட் என்பதே செண்பகவல்லிக்கு அன்றுதான் தெரியும்.

"ஸ்கூட்டர்ல விழுந்தேன்," என்றார் பெலிக்ஸ். சொல்லுக்குச் சொல் காற்று ஒழுகியது. "வாங்க."

பக்கத்து அறையில் மாலை வகுப்பு காத்திருந்தது. பாங்க் பரீட்சைக்காரர்கள், துபாய்க்குப் போகிறவர்கள். பெலிக்ஸ் அப்படியே உள்ளே போனார். செண்பகவல்லி கதவோரம் நின்றார்.

"இன்னைக்குப் பாடம்…" என்று தொடங்கி, பெலிக்ஸ் அந்தச் சொல்லைச் சொன்னார்.

வந்தது ஃபயரும் இல்லை, பயரும் இல்லை. வெறும் காற்று, அதன் வாலில் ஒரு 'யர்'.

"சார், பல்லை அடகு வச்சிட்டீங்களா?"

அறை அதிர்ந்தது. ஒருவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பெலிக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. சேர்ந்து சிரிக்கவும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் மழை விடக் காத்திருக்கிறவரைப் போல நின்றார்.

சிரிப்பு ஓய்ந்தது.

அதே சொல்லை, அதே மாதிரி, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

மறுபடி சிரிப்பு. முன்னைவிடச் சின்னது. மறுபடி காத்திருந்தார். மறுபடி சொன்னார்.

அடகுக் கேள்வி கேட்டவர் இருமினார். பிறகு பேனாவை எடுத்தார்.

பாடம் நடந்தது.

*

"சார், நீங்க கடைசி வரைக்கும் தப்பாத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"ஆனா உக்காந்து கேட்டாங்க."

பெலிக்ஸ் செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டார்.

"ஹியரிங் என்னைக்கு மேடம்?"

*

அதற்குப் பிறகும் செண்பகவல்லி வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. ஹியரிங்குக்கு முந்தின நாள்கூடப் போனார். சுடர் சாய்ந்ததா, துள்ளியதா என்று என்னிடம் சொன்னதில்லை.

கோர்ட்டில் எழுந்தார்.

"மை லார்ட், இந்த பயர்…"

சீனியர் பாதி எழுந்தார். "போன தடவையே கேட்டேன் மை லார்ட். மேடம் இன்னும் செக்‌ஷனைச் சொல்லலை."

சிரிப்பு. செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டார்.

"மேலே சொல்லுங்கள்," என்றார் நீதிபதி.

"சிரிச்சு முடிக்கட்டும் மை லார்ட். எனக்கு அவசரம் இல்லை. செத்தவங்களுக்கும் இல்லை."

சிரிப்பு நடுவில் அறுந்தது.

"பயர்," என்றார் செண்பகவல்லி.

கடைசி பெஞ்சில் குருவம்மாள் நிமிர்ந்தாள். அவள் ஊரில் பட்டாசு ஆலைக்குப் பெயரே பயர் ஆபீஸ். அன்றைக்கு அந்த அறையில் பேசிய அத்தனை ஆங்கிலத்திலும் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான்.

செண்பகவல்லி நிறுத்தவில்லை. பயர். பேக்டரி. கொட்டகைக் கதவை வெளியே பூட்டிவிட்டுப் போன போர்மேன். ஒவ்வொரு சொல்லையும் கல்லை எடுத்து வைப்பதுபோல வைத்தார்.

சீனியர் மறுபடி எழவில்லை.

ஆலையைத் திறக்க அனுமதி கிடைக்கவில்லை.

*

போன மாதம் கோர்ட் கேன்டீனில் செண்பகவல்லியிடம் இந்தக் கதையை இன்னொரு முறை கேட்டு வாங்கினேன். வழக்கம்போல நம்பாமல்தான் உட்கார்ந்திருந்தேன். பாதியில் அவருக்கு ஒரு போன் வந்தது. கட்சிக்காரர் யாரோ. செண்பகவல்லி பேசினார். ஃபைல். ஃபீஸ். ஃபைனல் ஹியரிங்.

ஒவ்வொரு முறையும் மேல் பல் கீழ் உதட்டில் லேசாகப் பதிந்து விலகியது. பிசிறே இல்லை.

நான் இத்தனை வருடமும் தப்பான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"மேடம், அன்னைக்கு உங்களுக்கு அந்த எழுத்து வரலையா? இல்ல, வந்ததை வேணாம்னு வச்சிட்டீங்களா?"