பெனிட்டாவின் மூச்சு

வேப்பேரியில் கிளாரிஸ் மிஸ் வீட்டு மாடியில் பாடம் நடக்கும்போது ஃபேன் போட மாட்டார்கள். போட்டால் இசைத்தாள் பறக்கும். வேர்த்துக் கொட்டினாலும் மூன்று பேரும் முகம் சுளிக்காமல் வாசிப்பார்கள். ரூபன் பியானோ, பெனிட்டா வயலின், நித்திலா செல்லோ. மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பியானோ டிரையோ.

லேசுப்பட்ட பிள்ளைகள் இல்லை. சிங்கப்பூரில் வாசித்தார்கள், சபையே எழுந்து நின்றது. ப்ராக்கில் வாசித்தார்கள், மறுபடியும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். விமானத்தில் பெரிய வயலின் போலிருக்கும் செல்லோவுக்கும் தனி சீட் போட வேண்டும். அதுவும் ஜன்னலோரம். ஆறடி ரூபன் நடு சீட்டில் காலை மடக்கிக்கொண்டு வருவான். அப்படி அலைந்து அலைந்து வாங்கிய பெயர் அது.

இப்போது ஆஸ்திரியாவில் ஒரு போட்டி. ஜெயித்தால் ஐரோப்பா முழுக்க ஒரு வருஷம் கச்சேரி. இவர்கள் அனுப்பிய பதிவைக் கேட்டு இறுதிச் சுற்றுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். வீடியோ காலில் வாழ்த்துச் சொன்ன நடுவர் ஒருவர், போகிற போக்கில் இதையும் சொன்னார்: ஒவ்வொரு தொடக்கத்திலும் வயலின்காரப் பெண் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது.

பெனிட்டாவை வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் மூச்சு இழுக்கப் பழகினாள். காலையில் பழகினாள், பஸ்ஸில் பழகினாள். கடைசியில் பக்கத்தில் நின்றால்கூட ஒன்றும் கேட்காது. நினைத்ததை முடிக்கிற பெண் அவள், அதில் குறையே சொல்ல முடியாது.

ஆனால் வாசிப்பு கெட்டுப்போனது.

மூன்று பேருக்கும் ஒன்றாக விழ வேண்டிய முதல் ஸ்வரம் சிதறியது. ஒரு நாள் ரூபன் முந்தினான். மறுநாள் நித்திலா.

"நீ ஏன் இவ்வளவு அவசரப்படுற ரூபன்?"

"நான் அவசரப்படல நித்தி. நீதான் தூங்குற."

பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஒன்றாக வாசிக்கிறவர்கள், இப்படிப் பேசிக்கொண்டதே இல்லை. விமானம் ஏற ஒரு வாரம்தான் இருந்தது. பெனிட்டா மிஸ்ஸிடமே கேட்டுவிட்டாள்.

"மிஸ், எங்க மூணு பேர்ல யார் மேல தப்பு? யாருன்னு சொல்லிடுங்க. இப்படியே போய் நின்னா மானம் போயிடும்."

கிளாரிஸ் மிஸ்ஸுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. பாடம் எடுக்கும்போது வேர்க்கடலை கொறிப்பார். வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"வயலினைக் கீழ வை."

வைத்தாள்.

"ரூபன், நித்தி, நீங்க ரெண்டு பேர் மட்டும் ஆரம்பிங்க."

ஆரம்பித்தார்கள். சிதறியது.

"இன்னொரு தடவை."

அதுவும் சிதறியது.

"ரூபன், எப்ப ஆரம்பிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பெனியோட வயலின் வில்லைப் பார்ப்பேன் மிஸ்."

"முதல் ஸ்வரத்துக்கு உன் ரெண்டு கையும் ஆளுக்கொரு மூலையில இருக்கு. அப்ப உன் கண்ணு எங்க இருக்கும்?"

ரூபன் கொஞ்சம் யோசித்தான். "கையிலதான் மிஸ்."

"அப்ப வில்லை எங்க பார்த்த? நித்தி, நீ?"

"தெரியல மிஸ். முன்னல்லாம் தானா வந்துடும்."

மிஸ் பெனிட்டா பக்கம் திரும்பினார். "பழையபடி மூச்சு இழு."

"வயலின் இல்லாமயா மிஸ்?"

"இல்லாமத்தான்."

வெறுங்கையோடு நிற்கவே பெனிட்டாவுக்குக் கூச்சமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். சத்தம் நன்றாகவே கேட்டது.

பியானோவும் செல்லோவும் ஒன்றாக விழுந்தன. மயிரிழைகூடப் பிசகவில்லை.

மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். பெனிட்டா மறுபடி இழுத்தாள். மறுபடி ஒன்றாக விழுந்தன.

ரூபன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நித்திலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடிப்பாவி, இத்தனை வருஷமா இதைக் கேட்டுத்தான் வாசிச்சிருக்கேன். எனக்கே தெரியாது பெனி."

பெனிட்டாவுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் பயம் விடவில்லை.

"அந்த நடுவர் முன்வரிசையில உட்கார்ந்திருப்பாரே மிஸ். என் மூச்சால இவங்க ரெண்டு பேர் வாய்ப்பும் போயிட்டா? அவர் சொன்னது தப்பா?"

"தப்பு இல்லம்மா. நல்ல காது அவருக்கு. சரியாத்தான் கேட்டிருக்கார்."

மிஸ் மடியில் கிடந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"ஆனா அந்த மூச்சால நீ கூப்பிட்டது அவரையா?"