பத்தியக்காரி பவளாயியும் காலி இலைகளும்

முன்னொரு காலத்தில் அன்னவயல் நாட்டைத் தாராளவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பேருக்கேற்ற மனசுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுப்பதை வேண்டாம் என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதனால் அந்த நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரசர் பேரில் போட்ட இலையில் மிச்சம் வைப்பவன் அரசரை அவமதித்தவன்!

அந்த ஊர் வைத்தியசாலையில் நோயாளிகளுக்குச் சமைத்துப் போட்டவள் பவளாயி. காமாலைக்காரருக்கு நெய் காட்டமாட்டாள். கால் வீங்கியவருக்கு உப்பைக் குறைப்பாள். நீரிழிவுக்காரர் வெல்லம் கேட்டு அழுதாலும் மசியமாட்டாள். வைத்தியர் மருந்தைச் சொல்வார், பத்தியத்தைப் பவளாயி பார்த்துக்கொள்வாள். ஜனங்கள் வைத்தியரை விட்டுவிட்டு அவளைக் கும்பிட்டார்கள்.

அரண்மனை விருந்து அதிகாரி சிகாமணிக்கு இது வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! தங்கள் பேரைச் சொல்லி அந்தப் பவளாயி உப்பில்லாக் கஞ்சி ஊற்றுகிறாள். நம் ராஜாவுக்கு நெய்க்குக்கூட வழியில்லையா என்று ஊர் சிரிக்கிறது!"

ராஜா கொதித்துப்போய் அவளை வரவழைத்தார். "என் அரண்மனையில் நெய்க்குப் பஞ்சமா, பவளாயி?"

"நெய்க்குப் பஞ்சமில்லீங்க மகாராஜா. அதைத் தாங்குற வயித்துக்குத்தான் பஞ்சம்."

"வாய்க்கொழுப்பைப் பாருங்கள்!" என்று சிகாமணி குதித்தார். "கிழக்குக் கூடத்து இருபது பேரை என்னிடம் விடுங்கள். பதினாறு வகைப் பதார்த்தத்தோடு விருந்து போட்டுப் பன்னிரண்டே நாளில் எழுப்பிக் காட்டுகிறேன்."

"சரி, மேற்குக் கூடத்து இருபது பேர் பவளாயிக்கு" என்றார் ராஜா. "தோற்பவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும்!"

பவளாயிக்கு நாட்டைவிட்டுப் போவதில்கூடப் பயமில்லை. கிழக்குக் கூடத்தில் பட்டத்து யானையின் பாகன் இருளப்பன் கிடந்தான். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்த காமாலைக்காரன். அவன் இலையில் நெய் ஊற்றப்போகிறார்களே என்பதுதான் அவள் கவலை.

அன்று முதல் கிழக்குக் கூடத்துக்கு வடையும் அதிரசமும் நெய்ச்சோறுமாகப் போயின. சாயங்காலமானால் சிகாமணி இலைகளைக் கூடையில் எடுத்துப்போய் ராஜாவிடம் காட்டுவார். "பாருங்கள் மகாராஜா, ஒரு பருக்கை இல்லை!" ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். பவளாயியின் கூடத்திலோ ஒருவர் அரைக் குவளைக் கஞ்சி குடிப்பார், இன்னொருவர் இரண்டு வாயோடு நிறுத்திக்கொள்வார். முடியாதவரை அவள் கட்டாயப்படுத்துவதில்லை. "நாட்டைவிட்டுப் போக மூட்டை கட்டியாச்சா?" என்று சிகாமணி தினமும் கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அடுப்புச் சாம்பலைக் கொட்டப் போனவள் கிழக்கு மதிலுக்கு வெளியே நின்றுவிட்டாள். எலும்பும் தோலுமாய்த் திரிந்த தெருநாய்கள் பதினொன்று, நடக்கமுடியாமல் வயிற்றைச் சாய்த்துக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு மேலாக ஓர் அதிரசம் வந்து விழுந்தது! பவளாயிக்கு விஷயம் புரிந்தது. இருளப்பன் வாயில் நெய் படவில்லை என்று முதலில் நிம்மதி வந்தது, பட்டினி கிடக்கிறானே என்று உடனே அழுகையும் வந்தது. ராஜாவிடம் ஓடினாள். "போட்டி முடியும்வரை உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்று ராஜா சொல்லியனுப்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் சபை கூடியது. பவளாயியின் ஆட்கள் மெதுவாகத்தான் வந்தார்கள், ஆனால் இருபது பேரும் சொந்தக் காலில் நடந்து வந்தார்கள். சிகாமணியின் ஆட்களைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். இருளப்பனுக்கு அங்குசத்தைப் பிடிக்கக்கூடக் கையில் தெம்பில்லை.

சிகாமணி அசரவில்லை. "விதி யாரை விட்டது மகாராஜா? நம் விருந்தில் குறையில்லை. இதோ, எல்லா இலையும் காலி!"

ராஜா இலைகளைப் பார்த்தார். "உண்மைதான். சாப்பிட்டிருக்கிறார்களே..." என்று இழுத்தார்.

"மகாராஜா, உங்க விருந்து வீண் போகலீங்க" என்றாள் பவளாயி. "தின்னவங்க நல்லாத் தேறியிருக்காங்க. கூப்பிடட்டுங்களா?"

"இன்னும் யார்? கூப்பிடு!"

பவளாயி வாசல் பக்கம் திரும்பி "தோ, தோ!" என்றாள். பதினொரு நாய்களும் தொந்தியும் தொப்பையுமாக உருண்டு வந்தன. முன்னால் வந்த கறுப்பு நாய், சிகாமணியின் நெய் மணக்கும் கையை நக்கிவிட்டு, அவர் காலடியிலேயே வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது. சபை வயிறு குலுங்கச் சிரித்தது. ராஜாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருளப்பனைப் பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"நீயுமா எறிந்தாய், இருளப்பா?"

"வாயிகிட்ட கொண்டுபோனாலே குமட்டுதுங்க சாமி. மிச்சம் வெச்சா உங்களுக்கு அவமானம்னாங்க. உங்க பேரு கெடக்கூடாதுன்னுதான் மதிலுக்கு அந்தப்பக்கம் போட்டோம்."

ராஜா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "என் பேருக்காகப் பட்டினி கிடந்தாயா? குற்றம் என்னுடையது. இன்றோடு அந்தச் சட்டம் ஒழிந்தது! பவளாயி, இனி வைத்தியசாலையில் யார் எதைச் சாப்பிடுவது என்பதில் உன் சொல்லே அரச கட்டளை. நானே வந்து படுத்தாலும் அப்படித்தான்."

"மகாராஜா, நான்...?" என்றார் சிகாமணி.

"உம்மை நாட்டைவிட்டு அனுப்பினால் இந்தப் பதினொன்றும் என்னை மன்னிக்குமா? இவற்றுக்குத் தினமும் உம் கையாலேயே பரிமாறும். இலையை மட்டும் எனக்குக் காட்டவேண்டாம்!"

அந்த வாரம் நடக்கவிருந்த பட்டத்து யானை ஊர்வலத்தை, இருளப்பன் தேறட்டும் என்று ராஜா ஒரு மாதம் தள்ளிவைத்தார். பவளாயியின் மோரும் கஞ்சியும் குடித்துக் கண் தெளிந்த இருளப்பன் பட்டத்து யானைமேல் ஏறினான். ஊரே ஆரவாரம் செய்தது. யானை நேரே அரண்மனைக்குப் போகவேண்டும். அவனோ வைத்தியசாலைச் சமையல்கூடத்துப் பக்கம் திருப்பினான். பவளாயி கையில் கரண்டியோடு வெளியே வர, யானை தும்பிக்கையைத் தூக்கி அவளுக்கு வணக்கம் வைத்தது. பின்னால் தேரில் வந்த ராஜாவும் எழுந்து நின்று கைகூப்பினார்.

அன்றிலிருந்து அன்னவயல் நாட்டில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் இலை காலியா என்று கேட்பதில்லை. ஆள் எழுந்து நடந்தாரா என்றுதான் கேட்கிறார்கள்.