போய் வாருங்கள்

சின்னம்மாவின் மடத்துச் சீடர்களிலேயே ஆள் பெரியவர் வெள்ளியங்கிரி. நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். ஆனால் வாசலில் அறியாத முகம் ஒன்று வந்து நின்றால் போதும், அவ்வளவு பெரிய உடம்பு சமையலறைத் தூணுக்குப் பின்னால் மறைந்துவிடும். எப்படி மறைகிறது என்று யாருக்கும் தெரியாது.

மடத்துக்கு வருமுன் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அவருக்கு அது வசதியாக இருந்தது.

சின்னம்மா அவரைவிட இளையவர். குருவின் இடத்துக்கு வந்தபோது வயது குறைவு என்பதால் ஊர் அப்படிக் கூப்பிட்டது. அதுவே நிலைத்துவிட்டது.

பௌர்ணமியன்று மடத்தில் ஊருக்கெல்லாம் சாப்பாடு. பந்தி நிறைந்ததும் சின்னம்மா வெள்ளியங்கிரியைப் பார்த்தார்.

"எல்லோரையும் வரவேற்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

வெள்ளியங்கிரி எழுந்தார். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை நனைந்தது. வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. அவர் இரு கைகளையும் கூப்பி, தறிக்கூடத்துக் குரலில் சொன்னார்:

"எல்லோரும் போய் வாருங்கள்!"

இலையில் அப்போதுதான் உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள்.

விறகுக் கொட்டகைக்குள் போனவர் கடைசி இலையை எடுத்த பிறகுதான் வெளியே வந்தார். அதற்கப்புறம் தெருப்பக்கமே போகவில்லை. பால் வாங்கக்கூட வயல் வழியாகச் சுற்றிப் போனார். கடைக்குப் போகிற வேலை வந்தால் வயிற்று வலி என்றார். வயிறு உண்மையாகவே வலித்தது.

ஒரு காலையில் சின்னம்மா விறகுக் கொட்டகைக்கு வந்து ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"என்ன ஆயிற்று?"

"ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது, அம்மா."

"யார் யார்?"

"எல்லோரும்."

"பார்த்தீர்களா?"

"எங்கே பார்த்தேன்? தலையைக் குனிந்துகொண்டேன்."

சின்னம்மா கட்டையிலிருந்து எழுந்தார்.

"சாப்பிட வந்தவர்களைப் போகச் சொன்னது தப்புதான். வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வாருங்கள்."

அந்த விறகு மொத்தத்தையும் தலையில் சுமக்கச் சொல்லியிருந்தால் வெள்ளியங்கிரி மகிழ்ந்திருப்பார்.

"இன்றைக்கேவா?"

"மேற்குத் தெருவில் ஆரம்பியுங்கள்."

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். முதல் வீடு மாரப்பனுடையது. பௌர்ணமிச் சமையல் அவர் கைதான். ஆள் வீட்டில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு கூப்பிட்டார். ஆள் இருந்தார்.

"அன்றைக்குப் பந்தியில் நடந்த தப்புக்கு..."

மாரப்பனின் முகம் தொங்கிப்போயிற்று.

"உங்களுக்கும் தெரிஞ்சு போச்சுங்களா சாமி? சாம்பாரு அடிப்பிடிச்சுப் போச்சுங்க. அன்னையிலிருந்து நான் வெளியில தலை காட்டறதில்லை."

"அடிப்பிடித்ததா? மிச்சத்தை நான்தான் வழித்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்ததே!"

"நெசமாவா?" மாரப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அது சரி, நீங்க என்ன தப்புப் பண்ணினீங்க?"

"போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்."

"எப்போ?"

அடுத்தது தையல்காரர் காதர் பாய் வீடு. பேச்சை எடுத்ததுமே அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"பார்த்துட்டீங்களா? தையல்காரன் சட்டையே அக்குள்ல கிழிஞ்சிருக்குன்னு நாலு பேர் பேசுவாங்களேன்னு, கையை இடுக்கிக்கிட்டே சாப்பிட்டேன். குனிஞ்சு குனிஞ்சு கழுத்து சுளுக்கிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் சோறு வேணும்னு கை காட்டக்கூட முடியலை."

"நான் பேசியது?"

"நீங்க பேசினீங்களா?"

தெருவில் இறங்கியபோது வெள்ளியங்கிரிக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை! மூன்றாவது வீட்டு வாசலில் கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டார். பூக்கட்டுகிற பாவாத்தாள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாங்க சாமி. நீங்க சொன்னது நல்லாவே கேட்டுச்சு. சிரிச்சுச் சிரிச்சு எனக்குப் புரையேறிப் போச்சு. இப்போ எங்க வீட்டுல சோறு போட்டாலே இவரு கையைக் கூப்பிப் 'போய் வாருங்கள்'ங்கறாரு."

உள்ளேயிருந்து அவள் புருஷன் குரல் வந்தது.

"யாரது, நம்ம போய் வாருங்கள் சாமியா? உள்ளே வரச் சொல்லு!"

காது இரண்டும் கொதித்தன. எதற்காக வயல் வழியாகச் சுற்றிச் சுற்றி நடந்தாரோ, அது எதிரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பாதம் தெருப்பக்கம் திரும்பிவிட்டது. அதற்குள் பாவாத்தாள் தளும்பத் தளும்ப மோரைக் கையில் கொடுத்துவிட்டாள். அதை வைத்துக்கொண்டு ஓட முடியாது. உட்கார்ந்தார்.

"எனக்காக ஒருக்கா அதே மாதிரி சொல்லுங்க சாமி" என்றான் புருஷன்.

வெள்ளியங்கிரி தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து கைகளைக் கூப்பினார். குரல் முதலில் வரவில்லை. அப்புறம் வந்தது.

"எல்லோரும் போய் வாருங்கள்!"

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டு நாய் வெள்ளியங்கிரியின் சிரிப்புக்குத்தான் குரைத்தது.

மடத்துக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மன்னிப்புக் கேட்க மறந்துவிட்டேன், அம்மா."

"பயம் போயிற்றா?"

போயிற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை.

"இல்லை அம்மா. திரும்பி வரும்போது கடை முன்னால் நாலு பேர் நின்றார்கள். பார்த்ததும் கை நனைந்துவிட்டது."

"வயல் வழியாக வந்தீர்களா?"

"இல்லை. தெரு வழியாகத்தான் வந்தேன். பயமும் கூடவே வந்தது."

சின்னம்மா எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார்.

"நாளைக்குக் கிழக்குத் தெரு. அதையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாராவது மோர் கொடுத்தால் அதற்கும் ஒரு தம்ளர் கேளுங்கள்."