ஆள்காட்டிக் குருவி ஏன் கூடு கட்டுவதில்லை

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அவற்றுக்குள் பட்டம் என்று ஒன்று இருந்தது. மனிதர்களைப் பார்த்துப் பறவைகள் கற்றுக்கொண்டனவா, பறவைகளைப் பார்த்து மனிதர்கள் கற்றுக்கொண்டார்களா என்று தெரியாது. எப்படிப் பார்த்தாலும் யாருக்கும் அதில் பெருமையில்லை.

ஊருக்கு ஊர் அந்தப் பட்டத்தின் பெயர் மாறும். மேற்கே உப்பளங்களிலிருந்து வரும் பூநாரைகளின் பேச்சில் அதற்குக் 'கற்றுக்கொடுப்பவர்' என்று பொருள். பனிமலை தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் 'அகலமாக அறிந்தவர்' என்றன. பெரிய ஏரியிலேயே பிறந்து வளர்ந்தவை 'முனைவர்' என்றன. ஒன்றிலேயே முனைந்து நின்றவர் என்று அர்த்தம். மூன்றும் நல்ல பொருள்தான், குறை சொல்ல முடியாது. 'பேச அனுமதி பெற்றவர்' என்ற பொருள் எந்த மொழியிலும் இல்லை. ஆனால் பெரிய ஏரியின் சபையில் நடைமுறை என்னவோ அதுதான். பட்டம் உள்ளவர் வாயைத் திறந்தால் அது கருத்து. இல்லாதவர் திறந்தால் அது சத்தம். சத்தம் போட்டவருக்குப் பட்டம் கிடையாது என்று ஒரு விதி வேறு. யார் போட்ட விதி என்றால், பட்டம் உள்ளவர்கள் போட்டது.

அந்த ஏரியின் கரையடியில், வயல் பக்கமாக, ஆள்காட்டி குடியிருந்தாள். அப்போதெல்லாம் அவள் கூடு பின்னுவாள். கோரையைக் கிழித்து, நனைத்து, முறுக்கி அவள் பின்னிய கூட்டைப் பார்க்கவே மற்ற பறவைகள் வந்து போகும். பேச்சிலும் அடக்கம். அவள் குரல் எப்படி இருக்கும் என்று பக்கத்துக் கூட்டில் இருந்த தாழைக்கோழிக்கே சரியாகத் தெரியாது.

அவள் ஆராய்ந்தது ஏரிக்கரையை. ஏரி நிரம்பினால் கரையின் மறுபக்கம் தண்ணீர் கசியும். நண்டு வளை, எலி வளை, பழைய வேர் என்று எதன் வழியாகவாவது வரும். மழைக்கு மழை அந்தக் கசிவுகளின் பக்கத்தில் நின்று பார்த்தாள். பார்த்துப் பார்த்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். கசிகிற நீர் தெளிவாக இருக்கும்வரை பயமில்லை, எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை. கலங்கி வந்தால் உள்ளே கரையே கரைந்துகொண்டிருக்கிறது. அதற்கப்புறம் அரைநாள்கூடத் தாங்காது.

இதைச் சொன்னால் கரையடியில் இருக்கும் நூற்றுக்கணக்கான கூடுகள் பிழைக்கும். சொல்ல வேண்டுமென்றால் பட்டம் வேண்டும். அவளுக்கு நெறியாளராக வாய்த்தவர் பெரிய கொக்கு. அவர் அவளைப் பல வருஷம் காக்கவைத்தார். தன் கூட்டுக்குச் சுள்ளி பொறுக்கச் சொன்னார், தன் குஞ்சுகளுக்குத் தவளை பிடித்துவரச் சொன்னார். எல்லாம் ஆராய்ச்சியில் சேர்த்தி என்றார். அவளும் செய்தாள். ஏன் செய்தாள் என்று கோபம் வருகிறது. ஆனால் பட்டத்துக்குப் போகிற வழி அவர் காலடி வழியாகத்தான் போயிற்று, வேறு வழி வெட்ட யாரும் விடவில்லை.

கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். ஏரி விளிம்புவரை நிரம்பி நின்றது. ஆள்காட்டியின் கூட்டில் நான்கு முட்டைகள். துணைவனை அடைகாக்கச் சொல்லிவிட்டு, விடிந்ததும் சபை கூடும் மருதமரத்துக்குக் கிளம்பினாள். கரையைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் கீழே பார்த்தாள்.

கசிவு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது.

மருதமரத்தின் நடுக்கிளையில் கொக்கு காத்திருந்தார். அவர் காதருகே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் அவளை நம்பாமல் இல்லை. நம்பினார், அதுதான் கொடுமை.

"இப்போது நீ சொன்னால் சத்தம். தேர்வு நாளிலேயே சத்தம் போட்டாள் என்று உன்னை நிரந்தரமாகத் தள்ளிவிடுவார்கள். பட்டம் கையில் வந்ததும் சொல், சபையே கேட்கும்" என்றார்.

"ஐயா, நீங்கள் சொல்லலாமே. உங்களுக்குப் பட்டம் இருக்கிறதே."

"நான் சொன்னால் அது என் கண்டுபிடிப்பாகிவிடும் அம்மா. அப்புறம் நீ எதை வைத்துப் பட்டம் வாங்குவாய்? இத்தனை வருஷம் பொறுத்தாய், ஒரு வேளைச் சாப்பாடு முடியும்வரை பொறுக்க முடியாதா?"

சாப்பாடு என்று அவர் சொன்னது விளையாட்டுக்கில்லை. தேர்வுக்கு வருகிறவர் தேர்வாளர்களுக்கு விருந்து வைப்பது அங்கே வழக்கம். விருந்து முடிந்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். தலைமை வகித்த கூழைக்கடாவுக்காக அவள் முந்தின நாளே விரால் மீன்கள் பிடித்து வைத்திருந்தாள். கேள்விகளை அவர் சீக்கிரம் முடித்துக்கொண்டார். கசிவு என்றால் என்ன என்று ஒன்று கேட்டார். உன் முன்னோடிகள் யார் என்று ஒன்று கேட்டார். பதிலைக் கேட்கும்போதே கண் மீனின் மேல் இருந்தது.

வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்தவர் வரித்தலை வாத்து. நல்லவர். களைத்திருந்தார். மீனைப் பார்த்ததும் கழுத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் சைவம். சொல்லவில்லையா?"

யாரும் சொல்லவில்லை. கூழைக்கடா கொக்கைப் பார்த்தார். கொக்கு ஆள்காட்டியைப் பார்த்தார். வெளியூர்க்காரர் பட்டினியாக இருக்க எப்படி முடிவு சொல்வது? கோரைக்கிழங்கு தோண்டி வா என்று அவளை அனுப்பினார்கள்.

கோரைக்கிழங்கு கிடைப்பது கரையடியில்தான். அவள் அங்கே போய் இறங்கியபோது கசிவு வாய்க்காலாகியிருந்தது. கூட்டின் அடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. சுற்றிலும் தாழைக்கோழிகள், கதிர்க்குருவிகள், தையல்சிட்டுகள் எல்லாம் அடைகாத்துக்கொண்டிருந்தன. அவை இவளைத்தான் பார்த்தன. கரையைப் படித்தவள் வந்துவிட்டாள், இவளே பேசாமல் இருந்தால் ஒன்றுமிருக்காது என்று திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டன.

துணைவன் முட்டையின் மேலிருந்து எழாமலே கேட்டான். "தண்ணி கலங்கி வருது பாரு. கலங்கினா ஓடணும்னு நீதானே சொன்னே? எல்லாரையும் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். இன்னைக்கு நம்ம பக்கத்துலேர்ந்து சத்தம் வரக் கூடாது. இதைக் கொடுத்துட்டுப் பட்டத்தோட வந்துடறேன். அப்புறம் நானே சொல்றேன், எல்லாரும் கேப்பாங்க."

"அதுவரைக்கும் கரை கேக்குமா?"

அவள் தோண்டிய கிழங்குகளை அலகில் அள்ளிக்கொண்டாள். அலகு நிறையக் கிழங்கு இருந்தது. ஒரு கிழங்கைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியிருக்கலாம். அந்த ஒரு கணத்துக்காக அவளைத் திட்டிக்கொண்டே இருக்கலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று பல வருஷம் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவள் வாய் ஏன் திறக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்? அவள் கிழங்கோடு பறந்து போனாள்.

வாத்து ஒவ்வொரு கிழங்காக மண் தட்டிச் சாப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. கூழைக்கடா விருந்தைப் பாராட்டிச் சிறிது நேரம் பேசினார். கொக்கு தன் வழிகாட்டுதலைப் பற்றி அதைவிட அதிக நேரம் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே கரை உடைந்தது.

மரத்தின் மேலிருந்து பார்க்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை. பழுப்பாக ஏதோ விரிந்தது, அவ்வளவுதான். பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் உச்சிக்கிளைகளில் கூடு வைத்திருந்தவர்கள். ஒருவர் கூடும் நனையவில்லை.

ஆள்காட்டி போய்ச் சேர்ந்தபோது கோரைக்காடு இருந்த இடத்தில் தண்ணீர் சுழித்து ஓடியது. அடைகாத்த எதுவும் எழுந்து பறந்திருக்கவில்லை. அவள் துணைவனும் எழவில்லை. பொழுது சாயும்வரை அவள் தண்ணீரின் மேல் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் நனைந்த சிறகோடு மருதமரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சபை கூடியிருந்தது. அவள் கண்டுபிடிப்பு சரி என்று இப்போது நிரூபணமாகிவிட்டதால் யாருக்கும் மறுப்பு இல்லை. வெள்ளத்தைப் பற்றி ஒரு வரி வருத்தம் தெரிவித்துவிட்டு, மூன்று மொழிகளிலும் பட்டத்தைச் சொல்லி அவளை அழைத்தார்கள். வாத்து மட்டும் தலை குனிந்திருந்தார்.

"இனி நீ பேசலாம்" என்றார் கூழைக்கடா.

அவள் அவரைப் பார்த்தாள். கொக்கைப் பார்த்தாள். அடக்கமான அந்தத் தொண்டையிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அதில் சொல் எதுவும் இல்லை. கேட்ட பறவைகள் கிளையை விட்டு எழுந்துவிட்டன. கத்தியபடியே அவள் ஏரியைத் தாண்டி, பொட்டல் பக்கம் போய்விட்டாள். கொடுத்த பட்டத்தை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் அதைச் சொல்லி அழைத்தால் திரும்பியதில்லை.

பிறகு அவள் கோரையைத் தொடவே இல்லை. வெட்டவெளியில், சரளைக்கல்லுக்கு நடுவே, கல்லைப் போலவே இருக்கும் முட்டைகளை இடுகிறாள். அன்று முதல்தான் ஆள்காட்டி, வருவது வெள்ளமா, வெறுமனே ஆடு மேய்க்க வருகிறவரா என்று பார்த்து நிற்காமல், பகலானாலும் இரவானாலும் முதலில் கத்திவிடுகிறாள்.