கதவைத் திறக்கும் பெயர்

ஒரு விடுகதை. எல்லோருக்கும் இன்னொரு பெயர் உண்டு. பெற்றவர்கள் வைத்ததல்ல. கதவைத் தட்டிவிட்டு அதைச் சொன்னால் போதும், திறந்துவிடுவார்கள். திருடன்கூட அதைச் சொல்லலாம், பொய்யாகாது. அது என்ன?

விடையைக் குலசேகரன் தன் ஐம்பத்திரண்டாம் வயதில் தெரிந்துகொண்டார்.

குழந்தைகள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லக் கூப்பிடும் உதவி மையம் அது. அங்கே இணையத்தில் இயங்கும் எட்டு போன்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது குலசேகரனின் வேலை. போன்களுக்குக் காவல் அமைக்க வந்த இன்ஜினீயர் ஷமீமாவுக்கு வயது இருபத்தொன்பது. முதல் நாள் கேலியாக அவளை 'டீச்சரம்மா' என்றார். மூன்றாம் நாள் அதே சொல்லில் கேலி இல்லை.

காவல் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு சிறுமி. செவ்வாய்தோறும் மூன்று மணிக்குக் கூப்பிடுவாள். "அக்கா, நான்தான்" என்று தொடங்குவாள். பெயர் சொல்லமாட்டாள். பதினான்கு வயதில் தனக்குக் கல்யாணம் முடிவாகியிருப்பதை ஆலோசகர் பொன்னரசியிடம் சொன்னாள், தேதியையும் சொன்னாள். அடுத்த வாரம் அழுதாள். அவள் போனில் சொன்னது அப்படியே அவள் வீட்டுக்கு எட்டியிருந்தது. தேதியை முன்னால் நகர்த்திவிட்டார்கள்.

தேடிப் பார்த்தபோது, வரவேற்பறைச் சுவரில் போன் கம்பி செருகும் இடத்தில் யாரோ ஒரு சிறிய பெட்டியைச் செருகியிருந்தது தெரிந்தது. எல்லாக் கம்பிகளும் கூடும் சுவிட்ச் அதையும் ஒரு போன் என்று நம்பி உள்ளே விட்டிருந்தது. எல்லாப் பேச்சும் அதன் வழியே வெளியே போயிருந்தது.

ஷமீமா இரண்டு வேலைகள் செய்தாள். பேச்சு கம்பியில் போகும்போது யாருக்கும் புரியாதபடி குலைந்துபோகும், உரிய போனில்தான் மறுபடி பேச்சாகும். அதோடு, ஒவ்வொரு போனுக்கும் ஓர் அடையாளச் சான்று. சான்று காட்டாத எதையும் சுவிட்ச் உள்ளே சேர்க்காது. எந்தப் போனுக்குச் சான்று, யாருடைய அழைப்பை யார் கேட்கலாம் என்ற பட்டியல் குலசேகரனின் பொறுப்பு.

குலசேகரனுக்குச் சந்தேகம். பேச்சைத்தான் பூட்டியாயிற்றே, பிறகு சான்று எதற்கு என்று கேட்டார்.

ஷமீமா பக்கத்து அறைக்குள் போய்த் தாழிட்டாள். அவர் தட்டினார்.

"யாரு?"

"நான்தான்."

கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை அவருக்குக் கோபம் வந்தது.

"என் குரல்கூடவா தெரியலை, டீச்சரம்மா?"

"குரல் தெரியுது. யாருன்னு நீங்க இன்னும் சொல்லலை."

முழுப் பெயரைச் சொன்னார். அடையாள அட்டையைக் கதவிடுக்கில் தள்ளினார். கதவு திறந்தது.

"பூட்டு நல்ல பூட்டுதான்" என்றாள் ஷமீமா. "சாவியை யார்கிட்ட கொடுக்கப் போறீங்க? நான்தான்னு சொல்றவன்கிட்டயா?"

அடுத்த செவ்வாய் இரண்டரை மணிக்கு மையத்தின் அதிகாரி தாமே வாங்கிய ஒரு போனோடு வந்தார். வரும் அழைப்புகளைத் தம் அறையிலிருந்தே கேட்க வேண்டுமாம், மேற்பார்வைக்காக. செருகினார். போனில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முறை எடுத்துச் செருகியும் சிவப்புதான்.

"என்னய்யா இது? நான்தான் சொல்றேன்ல, சேர்த்து விடு."

குலசேகரன் ஷமீமாவைப் பார்த்தார். அவள் அந்தப் போனை எடுத்துவிட்டுத் தன் மடிக்கணினியைச் செருகினாள். அதையும் சுவிட்ச் ஏற்கவில்லை.

"இதை அமைச்சவளே நான்தான், சார்" என்றாள். "என்னையும் விடலை."

அதிகாரி குலசேகரன் பக்கம் திரும்பினார். அடுத்த மாதம் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது என்பதையும், அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து யாருடையது என்பதையும் நினைவூட்டினார்.

குலசேகரன் புதுப் போனின் கம்பியை நிதானமாகச் சுருட்டினார். போனோடு சேர்த்து அதிகாரியின் கையில் வைத்தார்.

"அந்தப் பிள்ளை பேச்சைக் கேக்கிற பட்டியல்ல பொன்னரசியம்மா பேர் ஒண்ணுதான் சார் இருக்கு. என் வேலை உங்க கையில. பட்டியல் என் கையில. அதுல இன்னொரு பேர் ஏறாது."

அதிகாரி கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். ஷமீமா மடிக்கணினியைப் பைக்குள் வைத்தாள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. பொன்னரசி எடுத்தார்.

"அக்கா, நான்தான். இங்க நாம பேசுறதை வேற யாராச்சும் கேக்கறாங்களா?"

பொன்னரசி கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற குலசேகரனைப் பார்த்தார். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"இங்க யாரும் இல்லை. நான் பொன்னரசி. நான் மட்டும்தான்."

பிறகு சிறுமி தன் பெயரையும் ஊரையும் சொன்னாள்.