ஆறாவது மூலை

குரோஷா ஊசி ஒன்று குறைந்தது.

பெண்கள் சிறையின் லேஸ் அறையில் அன்று பனிப்பூ பின்னுகிற வேலை. கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட, வெள்ளை நூலில் ஆறு மூலை வைத்த பூக்கள். பின்னி முடித்ததும் பூ துவண்டுதான் கிடக்கும். சோற்றுக் கஞ்சியில் முக்கி, தெர்மோகோலில் விரித்து, மூலைக்கொரு ஈர்க்குக் குத்திக் காயவைத்தால் விறைத்து நிமிரும். குண்டூசிக்கு அங்கே அனுமதி இல்லை. குரோஷா ஊசிக்கே அழுது புரண்டு வாங்கிய அனுமதி. சாயங்காலம் எல்லா ஊசியும் பிஸ்கட் டின்னுக்குத் திரும்பிவிட வேண்டும்.

வார்டர் அற்புதம் டின்னைக் கவிழ்த்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப்பேர் கூவுகிற குரல் அவருக்கு. அது இப்போது துஷ்டி வீட்டில் துக்கம் விசாரிக்கிற குரலாக இறங்கிவிட்டது. அவர் கத்தாவிட்டால்தான் ஆபத்து.

ஊசி ஜெபக்கனியுடையது. தண்ணீர் குடிக்க எழுந்தாளாம். பூவிலேயே ஊசியை விட்டுப் போனாளாம். திரும்பி வந்தால் பூ இருக்கிறது, ஊசி இல்லையாம்.

அற்புதம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். லாக்கப் மணிக்குள் ஊசி வராவிட்டால் இந்த அறைக்குப் பூட்டு. ஊசிக்காரிக்குத் தனிக்கொட்டடி. மூன்று மாதம் மனு கிடையாது.

மனு என்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிற சொந்தபந்தத்தைப் பார்ப்பது. கிறிஸ்துமஸ் அன்று மட்டும் கம்பி கிடையாது. மரத்தடியில் உட்கார்ந்து பிள்ளைகளைத் தொட்டுப் பேசலாம். ஜெபக்கனியின் மகன் வருவதாக இருந்தது.

முத்துப்பேச்சி தலை நிமிரவில்லை. அவள் மடியில் தேங்காய் அளவு நூல் உருண்டை. ஊசி அதற்குள் இருந்தது.

ஆடி மாதத்து மனுவில் முத்துப்பேச்சியின் மகள் கம்பி வழியாகப் பேத்தியின் போட்டோ ஒன்றைக் காவலுக்குத் தெரியாமல் தந்திருந்தாள். ஜெபக்கனி அதை ஆபீசில் போய்ப் போட்டுக்கொடுத்தாள். போட்டோவைக் கிழித்தார்கள், மனுவை வெட்டினார்கள். அது தெரியாமல் மகள் அடுத்த மாதம் கைக்குழந்தையோடு மூன்று பஸ் மாறி வந்து, கேட்டில் நின்று, திரும்பிப் போனாள். அன்று முத்துப்பேச்சி அழுத அழுகையை ஜெபக்கனி மறுநாள் குளிக்கிற வரிசையில் அழுது காட்டினாள். இழுவையும் விக்கலும் அச்சு அசல். வரிசையே சிரித்தது.

போட்டோ போனதைக்கூடச் செரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் செரிக்க முடியவில்லை.

இப்போது கிறிஸ்துமஸுக்கு வருவதாக மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் வருவாள். ஜெபக்கனியின் மகன் கேட்டில் நிற்பான். முத்துப்பேச்சி போட்ட கணக்கு அவ்வளவுதான்.

சோதனை தொடங்கியது. பாயை உதறினார்கள், முந்தானையை உதறினார்கள், கொண்டையை அவிழ்த்தார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள். காய்ந்துகொண்டிருந்த பூக்களின் ஈர்க்குகளையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டார் அற்புதம்.

எல்லோரும் கையை விரித்து நின்றார்கள். அஜிதா மட்டும் இடது கையை விரித்தாள். வலது கையில் ஜெபக்கனியின் பூ இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிள்ளிப் பிடித்திருந்தன.

அஜிதாதான் அங்கே பின்னல் சொல்லித்தருகிறவள். முத்துப்பேச்சியின் மகளைவிடச் சின்னவள். ஆயுள் தண்டனை. ஊசியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்த முத்துப்பேச்சிக்கு, விரலைப் பிடித்துப் பழக்கியவள். அவளை எல்லோரும் டீச்சர் என்பார்கள். அற்புதம்கூட, நல்ல மனநிலையில் இருந்தால்.

இன்று அந்த மனநிலை இல்லை.

"விரலுக்குள்ள என்ன?"

"கண்ணி மேடம். ஊசி உருவின கண்ணி. விட்டா பின்னுனதெல்லாம் பிரிஞ்சு ஓடிரும்."

அற்புதம் குனிந்து பார்த்தார். நூல்தான். பின்னாலிருந்து யாரோ, ஒரு முடிச்சைப் போட்டுத் தொலைத்தால் என்ன என்று முணுமுணுத்தாள்.

"அஞ்சு மூலையோட நின்னுரும்" என்றாள் அஜிதா.

அற்புதம் முத்துப்பேச்சியிடம் வந்தார். முந்தானை, கொண்டை, வாய். கடைசியில் உருண்டையை எடுத்தார். ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தட்டினார். கதவருகே வந்து நின்ற ஏட்டம்மா, மணி அடிக்க ஆள் போய்விட்டதாகச் சொன்னார். அற்புதம் சலிப்போடு உருண்டையைக் கீழே போட்டார்.

அது உருண்டது. நேராக உருளவில்லை. நொண்டி நொண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அஜிதாவின் காலில் முட்டி நின்றது.

அஜிதா உருண்டையைப் பார்த்தாள். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்தாள். காலால் அதை மெல்ல அவள் பக்கமே தள்ளிவிட்டாள்.

அப்போதுதான் ஜெபக்கனி அழத் தொடங்கினாள். மகன் ஒரு வருஷமாக வரவில்லை, இந்தத் தடவைதான் வருகிறேன் என்றான், கேட்டில் வைத்துத் திருப்பி அனுப்பினால் இனி எட்டியே பார்க்க மாட்டான் என்று அற்புதத்தின் காலைப் பிடித்தாள். அதே இழுவை. அதே விக்கல். இந்த அழுகையைக் கேட்கத்தான் முத்துப்பேச்சி மாதக்கணக்காகக் காத்திருந்தாள். கேட்டபோது அது ஜெபக்கனியின் குரலாகவே இல்லை. யாரோ மறுபடியும் தன்னை அழுது காட்டுவதுபோல் இருந்தது. இந்தத் தடவை வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அஜிதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, விரல் மரத்துப்போச்சு. கொஞ்சம் பிடிங்க."

யோசிக்கும் முன்பே முத்துப்பேச்சியின் கை நீண்டுவிட்டது. விரல் மாறி விரல் வந்து கண்ணியைக் கிள்ளிக்கொண்டது. கடுகு அளவு கண்ணி. அதன் பின்னால் ஐந்து மூலைகள் வரிசையாகக் காத்து நின்றன. பிடி சற்று நெகிழ்ந்ததும் நூல் வழுக்கியது. அவள் இறுக்கிக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் டீச்சர்?"

"ஊசி வர்ற வரைக்கும்."

வெளியே தண்டவாளத் துண்டில் மணியின் முதல் அடி விழுந்தது.

முத்துப்பேச்சி கண்ணியை விடவில்லை. இடது கையால் உருண்டையை இழுத்து, முழங்காலுக்கு அடியில் வைத்து அமுக்கி, விரலை உள்ளே விட்டுக் குடைந்தாள். நூல் சுற்றுச் சுற்றாகக் கழன்று தரையில் விழுந்தது. ஊசி வெளியே வந்தது. அதைக் கண்ணிக்குள் விட்டு, ஒரு சுற்று இழுத்து நிறுத்தி, பூவோடு ஜெபக்கனியின் மடியில் வைத்தாள்.

ஜெபக்கனி விக்கலைப் பாதியில் நிறுத்தி ஊசியைப் பார்த்தாள். அதைத் தொடுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அற்புதத்தின் குரல் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிவிட்டது. கொட்டடி, மனு, கிறிஸ்துமஸ் என்று ஒவ்வொன்றாக முத்துப்பேச்சியின் தலையில் இறக்கினார். மகள் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட முடியுமா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைவாள் என்று மட்டும் முத்துப்பேச்சி கேட்டாள். ஏட்டம்மா நம்பரைக் கேட்டுக் கையில் எழுதிக்கொண்டார்.

வாசலில் முத்துப்பேச்சி நின்றாள்.

"தெரிஞ்சுபோச்சுல்லா டீச்சர் உங்களுக்கு. என் பக்கம் ஒரு விரல் நீட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே. ஏன் நீட்டல?"

அஜிதா மரத்துப்போன விரலைச் சேலையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீட்டியிருந்தா கண்ணி போயிருக்கும்க்கா."